முப்பத்தாறு சோளத்தட்டை

கை முழுக்க மஞ்சள் தூள், அரைத்த மஞ்சளின் மஞ்சள் இல்லை, கடலைமாவைப் போல வெளிறிய ஒரு மஞ்சள், விரலிடுக்கில், சிவப்பு ஸ்வெட்டரின் கையோரத்தில், கண்ணிமையில்கூட, தலைக்கு மேலே உயர்ந்துவிட்ட ஒரு சோளத்தட்டையை வளைத்துப் பிடித்துக்கொண்டு அதன் உச்சிப் பூவை ஒரு காகிதக் கவருக்குள் தட்டிக்கொண்டிருக்கிறேன், மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னக் கவர், பனி இன்னும் முழுதாக விலகவில்லை, பத்தடிக்கு அப்பால் வேலி இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் அங்கே வேலி இருக்கிறது, மற்றபடி வெறும் வெள்ளை, இந்தக் காலையில் எனக்குப் பயமில்லை, இருந்திருக்க முடியாது, அது நடப்பதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஆனால் நினைக்கும்போதெல்லாம் அந்தப் பயம் பின்னோக்கி நடந்துபோய் இந்தக் காலைக்குள்ளும் புகுந்துகொள்கிறது, பனிக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள், திரும்பிப் பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், திரும்பிப் பார்த்தால் வேலிக்கு அந்தப்புறம் சிவபாக்கியம் அக்காதான் நிற்கிறார், முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் தாள், கையில் தூக்குவாளி, என்னா நர்சம்மா, சோளத்துக்கும் தடுப்பூசி போடுறீங்களா என்று கேட்டுச் சிரிக்கிறார், சிரிப்பு இருமலாக மாறுகிறது, இருமிக்கொண்டே நடந்து தேயிலைக்குள் இறங்கிப் போய்விடுகிறார்.

நான் கரிசல் காட்டுக்காரி, சாத்தூருக்குப் பக்கம், எங்கள் ஊரில் ஒரு ஆள் வருவது ஒரு மைலுக்கு முன்பே தெரியும், கண்ணுக்கு எதுவும் மறையாத பூமி, அங்கே பிறந்துவிட்டுக் கூடலூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிற துணை சுகாதார நிலையத்துக்கு நர்சாக வந்தபோது எனக்கு முப்பத்துமூன்று வயது, மகள் தர்ஷிகாவுக்கு ஐந்து, அவளைத் திருப்பூரில் அவள் அப்பாவிடமும் மாமியாரிடமும் விட்டுவிட்டு வந்தேன், அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது, அட்டை இருக்கிறது, பனி இருக்கிறது, முன்னறையில் எடை பார்க்கிற மிஷினும் ஒரு கட்டிலும் இருக்கின்றன, பின்னறையில் நான் இருக்கிறேன், வந்த புதிதில் எனக்கு எல்லாமே பயம், காலில் ஊர்ந்தால் பயம், ஓட்டின் மேல் பலாயிலை விழுந்தால் பயம், எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்தால் அதைவிடப் பயம், இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால் சிவபாக்கியம் அக்காவிடம் மட்டும்தான் சொல்வேன், லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், கடைசி வீடு அவருடையது, பத்து வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர், அன்றிலிருந்து இந்த மலையில் கொழுந்து எடுக்கிறார், புருஷன் இல்லை, ஒரே மகள் சுகந்தி கோயம்புத்தூரில் துணிக்கடையில் வேலை, அக்கா தினமும் காலை ஏழரைக்கு என் வேலியோரப் பாதையில் நடந்து போவார், போகும்போது நர்சம்மா என்று ஒரு குரல் கொடுப்பார், நான் இருக்கேன் என்று உள்ளேயிருந்து சொல்வேன், அவ்வளவுதான், ஆனால் அந்தக் குரல் வந்த பிறகுதான் எனக்கு விடியும்.

பின்பக்கம் நாலு சென்ட் இடம் சும்மா கிடந்தது, பயத்துக்கு மருந்து கையை மண்ணில் வைத்துக்கொள்வதுதான் என்று எனக்குத் தோன்றியது, தர்ஷிகாவுக்கு ஸ்வீட்கார்ன் என்றால் உயிர், திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் காகிதக் கோப்பையில் வெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் போட்டுக் கொடுப்பார்களே, அதை ஒவ்வொரு முத்தாக எடுத்துத் தின்பாள், நானே விளைவித்து அவளுக்குக் கொடுக்கிறேன் என்று கூடலூர் விதைக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன், பிரித்தால் எல்லா விதையும் சுருங்கிச் சப்பிப்போய்க் கிழவியின் விரல்நுனி போல இருந்தது, கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே ஊன்றினேன், இனிப்புச் சோளத்தின் விதை அப்படித்தான் இருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது, அந்த முதல் தடவை வேலியை ஒட்டி ஒரே வரிசையாக வைத்தேன், பார்க்க அழகாக இருந்தது, கதிரை உரித்தால் அங்கே ஒரு முத்து, இங்கே இரண்டு முத்து, நடுவெல்லாம் பொக்கை, விதைக்கடைக்காரரிடம் கதிரையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன், அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒத்த வரிசையில வெச்சா உச்சிப் பூவிலிருக்கிற தூளைக் காத்து வாரிக்கிட்டுப் போயிடும்மா, சதுரமா வைங்க, எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் ஒண்ணுமேல ஒண்ணு விழும் என்றார், கதிரின் நுனியில் தொங்குகிற ஒவ்வொரு நூலும் உள்ளே ஒரு முத்துக்குப் போகிறது, எந்த நூலில் தூள் படவில்லையோ அந்த முத்து பிடிக்காது என்றும் சொன்னார், அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, நான் பிள்ளைப்பேறு பார்க்கிறவள், இவ்வளவு காலம் சோளம் தின்றும் இது எனக்குத் தெரியாது.

செப்டம்பர் கடைசியில் மழை விட்டதும் ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு குழி, சதுரமாக வைத்தேன், அக்கா வேலியோரம் நின்று பார்த்தார், சோளமா என்றார், ஆமாம் என்றேன், இங்க யாரும் சோளம் போடுறதில்ல நர்சம்மா, பலாக்காயே பழுக்குமுன்ன வெட்டிப் போட்டுருவோம், பெரியவருக்கு மூக்கு நீளம் என்றார், யானை என்று அவர்கள் வாயால் சொல்வதில்லை, பெரியவர்தான், முப்பத்தாறு தட்டைக்கா அக்கா யானை வரப்போகுது என்று சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை, சரி பிள்ளைக்காகப் போடுறீங்க, பால் பிடிச்சதும் ஒடிச்சு உள்ள வெச்சிருங்க என்றார், நான் சரி என்றேன், சரி என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது, வேலிக்கம்பியில் என் வலதுகை இருந்ததும் ஞாபகம் இருக்கிறது, அந்தச் சரியை இப்போது என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் உச்சியில் பூ விரிந்தது, இரண்டு நாள் கழித்துக் கதிர் நுனிகளில் பட்டுநூல் வெளியே வந்தது, தொட்டால் ஒட்டுகிற, இளம்பச்சை, பிறந்த குழந்தையின் தலைமுடி போல ஈரமான நூல், காற்றை நம்பி விட எனக்கு மனசில்லை, ஒருமுறை ஏமாந்தவள், அதனால் காலை பனி ஈரம் காய்கிற நேரம் பார்த்து ஒவ்வொரு தட்டையாக வளைத்து, கவரில் தூளைத் தட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டு, ஒவ்வொரு கதிரின் நூலிலும் தடவினேன், தோகையின் சுணை கழுத்தை அறுத்தது, பரிசோதனைக்கு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் சிரித்தார்கள், நான்கு நாள் இப்படிச் செய்தேன், ஐந்தாம் நாள் நூல்கள் நுனியில் பழுப்படித்துச் சுருங்கத் தொடங்கின, பிடித்துவிட்டது, போனில் தர்ஷிகாவிடம் சொன்னேன், உனக்காக அம்மா முப்பத்தாறு சோளம் வைத்திருக்கிறேன், அரையாண்டுப் பரீட்சை முடிகிற சனிக்கிழமை வருகிறாய் இல்லையா, நீயே ஒடிக்கலாம், உன் கையாலேயே ஒடிக்கலாம், அவள் எண்ணத் தொடங்கினாள், பாட்டிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, முப்பத்தாறு வரைக்கும் அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை.

அவள் வர வேண்டிய வாரம் வனத்துறையில் காவலுக்கு இருக்கிற மாதன் கைக்காயத்துக்குக் கட்டு மாற்ற வந்தவர், கட்டு முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் பின்வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஆத்துக்கு அந்தப் பக்கம் கட்டைவாலன் நிக்குது நர்சம்மா, ஒத்தை ஆளு, அத இன்னைக்கே ஒடிச்சிருங்க என்றார், கட்டைவாலன் என்றால் வால் அறுந்த ஒரு கொம்பன் யானை, அதன் பெயரைச் சொன்னால் லயத்தில் பேச்சு நின்றுவிடும், ஆனால் அன்று திங்கள்கிழமை, சனிக்கிழமைக்கு ஐந்தே நாள், இப்போதே ஒடித்தால் முத்தில் தண்ணீர்தான் இருக்கும், பிள்ளை வந்து பார்க்கும்போது வெறும் நிலமாக இருக்கும், சனிக்கிழமை ஒடித்துவிடுகிறேன் மாதன் அண்ணா என்றேன், அவர் கையைத் தூக்கிக் கட்டைப் பார்த்துக்கொண்டே போனார், செவ்வாய், புதன், பயந்துகொண்டேதான் இருந்தேன், கதவைத் திறக்குமுன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தோகை அசைந்தால் நின்று கேட்டேன், இரண்டு நாளும் எதுவும் வரவில்லை, வராத ஒன்றைக் கண்டு எவ்வளவு நேரம் பயப்படுவது, வியாழக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்க்க மறந்துவிட்டேன்.

ஏழேகால் இருக்கும், நைட்டிக்கு மேல் சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு கதிரைக் கீறிப் பால் பிடித்துவிட்டதா பார்க்கலாம் என்று தட்டைக்குள் போகிறேன், நாலாவது வரிசையில் நிற்கிறேன், நகத்தால் ஒரு முத்தை அழுத்துகிறேன், வெள்ளையாகப் பால் தெறிக்கிறது, சந்தோஷம் வருகிறது, அந்தச் சந்தோஷம் முழுதாக வருமுன்பே படக்கென்று ஒரு சத்தம், யாரோ விறகு ஒடிக்கிறார்கள், அக்கா இவ்வளவு சீக்கிரமா என்று நினைக்கிறேன், இன்னொரு படக், இது வேலிப் பக்கமில்லை, எனக்கும் வீட்டுக்கும் நடுவில், நிமிர்கிறேன், பனி ஓரிடத்தில் மட்டும் கருத்திருக்கிறது, அந்தக் கருப்பு மேலே மேலே போகிறது, எங்கே முடிகிறதென்று தெரியவில்லை, ஊறிய சாக்குப் படுதாவின் நாற்றம், காற்று அதனிடமிருந்து என் பக்கம் வீசுகிறது, என்னிடமிருந்து அதன் பக்கம் இல்லை, அது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று மாதன் பிறகு சொன்னார், அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், அது முதல் வரிசையில் ஒரு தட்டையை வேரோடு பிடுங்கி, முன்னங்காலில் அடித்து, மண்ணை உதறி, சுத்தம் பண்ணி, பிறகு வாயில் வைக்கிறது, அவ்வளவு நிதானம், அதன் வயிற்றுக்குள் தூரத்து இடி மாதிரி ஒன்று உருண்டுகொண்டே இருக்கிறது, ஒரு தட்டை, இன்னொரு தட்டை, நான் எண்ணுகிறேன், முதல் வரிசை ஆறு, இரண்டாவது வரிசையில் இரண்டு, எனக்கும் அதற்கும் நடுவில் பத்துத் தட்டை, ஒன்பது, பாதையில் இருமல் கேட்கிறது.

எனக்கு அந்த இருமல் தெரியும், ஒரு மாதமாக அதற்கு மருந்து கொடுப்பவள் நான், சளிப் பரிசோதனைக்கு அனுப்பி ஒன்றுமில்லை என்று தாளை வாங்கி வந்து படித்துக் காட்டியவளும் நான், மூன்று முறை வறட்டு இருமல், ஒரு இடைவெளி, பிறகு ஒரு நீளமான இருமல், இந்த மலையில் வேறு யாரும் அப்படி இருமுவதில்லை, அக்கா லயத்து முக்கில் திரும்பிவிட்டார், இன்னும் முப்பது எட்டு வைத்தால் என் வேலி, வேலியோரம் வந்ததும் நர்சம்மா என்று குரல் கொடுப்பார், கட்டைவாலன் அந்தக் குரலைக் கேட்கும், நான் இப்போது ஒரு சத்தம் போட்டால் அக்கா நின்றுவிடுவார், வராதீங்க என்கிற ஒரு வார்த்தை, அதுகூட வேண்டாம், அக்கா என்று ஒரு கத்து, அவர் திரும்பி ஓடிவிடுவார், நாற்பது வருஷம் இந்த மலையில் இருந்தவர், அவருக்குத் தெரியும், ஆனால் கத்தினால் ஒன்பது தட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பது என் பக்கம் திரும்பும், பயத்தில் எனக்குக் குரல் வரவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன், வனத்துறை எழுதிக்கொண்டுபோன தாளில் அப்படித்தான் இருக்கிறது, என் புருஷனிடமும் அப்படித்தான் சொன்னேன், குரல் இருந்தது, தொண்டையில் தயாராக இருந்தது, அதன் சூட்டை நான் உணர்ந்தேன், என் கையே என் வாயைப் பொத்தியது, அந்தக் கையை எடுக்க முடியவில்லை என்று இல்லை, எடுக்கவில்லை, சனிக்கிழமை தர்ஷிகா வருகிறாள் என்று நினைத்தேன், அக்காவுக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், வந்தது, சுகந்தியின் முகம்கூட வந்தது, வந்தும் கையை எடுக்கவில்லை.

இருமல் நின்றுவிட்டது, காலடியும் நின்றுவிட்டது, பனிக்குள் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை, யானையும் மெல்லுவதை நிறுத்திவிட்டது, காது இரண்டும் விரிவது கதவு திறக்கிற மாதிரி இருந்தது, அப்புறம் டங்கென்று ஒரு சத்தம், இரும்பில் இரும்பு, டங், டங், டங், அக்கா தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டார், அது உருண்டு போகிறது என்று நினைத்தேன், கட்டைவாலன் திரும்பியது, அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாகத் திரும்பும் என்று எனக்குத் தெரியாது, என்னைக் கடந்து, மூன்று முழத் தூரம்தான் இருக்கும், சோளத்தின் மூலையை மிதித்துக்கொண்டு, வேலியை நூல்போல இழுத்துக்கொண்டு போனது, பாதையில் ஒரு அலறல், ஒன்றே ஒன்று, பிறகு தேயிலைச்செடிகள் முறிகிற சத்தம் கீழே கீழே போய், அப்புறம் அதுவும் இல்லை, நான் உட்கார்ந்தே இருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, லயத்திலிருந்து பட்டாசு வெடிக்கிற சத்தமும் ஆட்கள் கத்துகிற சத்தமும் கேட்ட பிறகுதான் எழுந்தேன், அதுவரைக்கும் எழவில்லை.

அக்கா தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்குள் கிடந்தார், இரண்டடி ஆழம், அதற்குள் விழுந்ததால் யானை மேலே தாண்டிப் போய்விட்டது, தும்பிக்கை பட்டோ விழுந்த வேகத்திலோ வலது தொடை ஒடிந்து கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, கண் மூடியிருந்தது, நாடி இருந்தது, அதற்குப் பிறகு நான் நர்ஸ், கை நடுங்கவேயில்லை, இரண்டு பலகையை வைத்துத் துணியால் கட்டினேன், இரத்த அழுத்தம் பார்த்தேன், ஊசி குத்திச் சலைன் பாட்டிலை ஒருத்தியிடம் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன், ஜீப் வந்தது, ஏற்றும்போது மெதுவாக என்று எல்லோரையும் அதட்டினேன், லயத்துப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், நீங்க இருந்ததால உசிரு நின்னிச்சி நர்சம்மா என்றார்கள், அதைக் கேட்ட இடத்தில்தான் எனக்கு உண்மையான நடுக்கம் வந்தது, பல் அடித்துக்கொண்டது, பாவம் பயந்துட்டாங்க என்று சொல்லி யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள், குடித்தேன்.

மத்தியானம் மாதன் வந்தார், ஒரு கத்தியை வாசலில் வைத்தார், மிச்சமிருந்தது பத்தொன்பது தட்டை, நானே வெட்டினேன், ஒவ்வொன்றாகச் சாய்த்தேன், வெட்டியதையெல்லாம் அவர் ஜீப்பில் ஏற்றித் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு முன் ஒரு கதிரை மட்டும் உரித்துப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை, அடியிலிருந்து நுனிவரை வரிசை வரிசையாக, ஒரு இடம் பொக்கையில்லாமல், ஒரு முத்து தவறாமல் பிடித்திருந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை, ஏதோ பிறந்ததைக் கொன்றுவிட்டு நிற்கிற மாதிரி, மற்றதோடு சேர்த்துப் போட்டேன், புருஷனுக்குப் போன் செய்து இந்தச் சனிக்கிழமை வர வேண்டாம் என்றேன், தர்ஷிகா போனை வாங்கி என் சோளம் என்ன ஆச்சு என்று கேட்டாள், யானை தின்றுவிட்டது என்றேன், எல்லாத்தையுமா என்று கேட்டாள், குரலில் அழுகை இல்லை, ஆச்சரியம்தான், நேரில் பார்த்தியாம்மா, எவ்ளோ பெருசு, உனக்குப் பயமா இல்லையா, இல்லை என்று சொன்னேன், ஒரே நாளில் எத்தனை பொய்.

அதற்குப் பிறகு பகலிலும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன், யானைக்குப் பயந்து என்று எல்லோரும் நினைத்தார்கள், கட்டைவாலனை ஆற்றுக்கு அந்தப்புறம் விரட்டிவிட்டார்கள் என்று மாதன் வந்து சொன்ன பிறகும் தாழ் போட்டுத்தான் இருந்தேன், காலை ஏழரை ஆனால் உடம்பு வேர்க்கும், நர்சம்மா என்று ஒரு குரல் வரும் என்றிருக்கும், வராது, அக்கா கண் திறந்துவிட்டார் என்று சேதி வந்த அன்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், நான் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன், அவர் கேட்பார், அங்கதானே இருந்தீங்க, ஏன் சத்தம் போடல, இரவல் வாங்கிய முகத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வது, போகாமல் இருக்கலாம், நர்ஸ் போகாமல் இருக்க முடியாது, பதினோராவது நாள், அக்காவைச் சேர்த்திருந்த கோயம்புத்தூர்ப் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

பெரிய வார்டு, வரிசையாகக் கட்டில், ஜன்னலோரக் கட்டிலில் அக்கா, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், மலையில் பார்த்ததைவிடப் பாதியாக இருந்தார், சுகந்தி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், நீங்க இல்லேன்னா எங்கம்மா இல்லக்கா என்றாள், நான் கையை இழுத்துக்கொண்டேன், அக்கா மகளைத் தேத்தண்ணி வாங்கி வர அனுப்பினார், அவள் தலை மறைந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார், சோளமெல்லாம் போச்சா என்று கேட்டார், வெட்டிட்டேன் அக்கா என்றேன், கொஞ்ச நேரம் தொங்குகிற எடையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார், ஒங்க செவப்புச் சட்டைதான் எனக்கு மொதல்ல தெரிஞ்சிச்சி, பனியில அது மட்டுந்தான் தெரிஞ்சிச்சி, அதுக்கப்பறந்தான் பெரியவரப் பாத்தேன்.

அக்கா சொல்லிக்கொண்டே போனார், பொதுவாக அவர் அவ்வளவு பேசுவதில்லை, ரெண்டு எட்டு வெச்சா ஒங்க மேல ஏறிரும், கூப்புட்டா நீங்க பயந்துபோயி எந்திரிச்சிருவீங்க, அதான் மூடியக் கழட்டி வாளியில தட்டுனேன், தட்டிட்டு ஓடிறலாம்னுதான் பாத்தேன், ஓடுவேன்னுதான் நெனச்சேன், செருப்பு வழுக்கிருச்சி, தூக்குவாளி கீழே விழவில்லை, அவர் தட்டினார், ஒன்று இரண்டு மூன்று என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேனே, கீழே விழுகிற பாத்திரம் அப்படியா சத்தம் போடும், எனக்குத் தெரிந்துதான் இருந்ததா, தெரிந்துகொண்டேதான் உருண்டு போகிறது என்று நினைத்தேனா, நீங்க வாயத் தொறக்காம இருந்தீங்க பாருங்க, அது நல்லதாப் போச்சி என்று அக்கா சொன்னார், என் கையைத் தட்டிக் கொடுத்தார், அந்தக் கை அப்படியே என் மேல் இருக்கும்போது என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

அக்கா, நீங்க வர்றது எனக்குத் தெரியும், உங்க இருமல் கேட்டது, கத்தியிருக்கலாம், குரல் இருந்தது, நான்தான் கத்தலை.

வார்டில் யாரோ ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு வண்டி சக்கரம் கீச்சிட்டுக்கொண்டு போனது, அக்கா தன் கையை எடுத்துக்கொண்டார், கோபமாக எடுக்கவில்லை, போர்வையைச் சரி செய்ய எடுத்ததுபோல எடுத்தார், போர்வையையும் சரி செய்தார், இருமல் கேட்டிச்சா என்று கேட்டார், கேட்டது என்றேன், அவர் கூரையைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார், சுகந்தி தேத்தண்ணித் தம்ளர்களோடு வார்டு வாசலில் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தார், அவகிட்ட இதச் சொல்லிறாதீங்க, ஒங்க மேல அவளுக்குப் பெரிய நம்பிக்கை என்றார், பிறகு நான் எழுந்து வரும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, போயிட்டு வாங்க என்று மட்டும் சொன்னார், அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா, தண்டனை என்று எடுத்துக்கொள்ளலாமா, திரும்பி வரும் பஸ்ஸில் கொண்டையூசி வளைவுக்கு வளைவு மாற்றி மாற்றி நினைத்தேன், மலை ஏற ஏறக் குளிர் ஏறியது, கட்டைவாலன் போய்விட்டது, நான் என்னோடேயே பின்னறைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

ஏப்ரலில் அக்கா வந்துவிட்டார், கொழுந்து எடுக்க இனி முடியாது, வலது கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது, ஊன்றுகோல், காலுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு முறை என்னிடம் வர வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார், வந்தார், நான் காலைப் பிடித்து மடக்கி நீட்டினேன், வலித்தால் வலிக்குது என்பார், வேறு பேச்சு அதிகமில்லை, சுகந்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் நல்லா இருக்கா என்பார், தர்ஷிகாவை எப்போது கூட்டி வருகிறீர்கள் என்று ஒருநாள் அவராகவே கேட்டார், பயிற்சி முடிந்ததும் அவரை லயம்வரை கொண்டுபோய் விடுவது என் வழக்கமாகிவிட்டது, அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை, நான் முன்னால் நடப்பேன், அவர் பின்னால், ஊன்றுகோல் கல்லில் பட்டுப் பட்டு வரும், ஒருநாள் சாயங்காலம் மழை பெய்து விட்டிருந்தது, பனி தேயிலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது, பாதை வளைகிற இடத்தில் எனக்கு மூன்றடி முன்னால் புதர் முறிந்தது, கருப்பாக ஏதோ பாதைக்கு வந்தது, அக்கா ஓடுங்க என்று நான் கத்தினேன், மலையெல்லாம் கேட்கிற மாதிரி, என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது, கத்திக்கொண்டே இரண்டு கையையும் விரித்து நின்றேன், அது லயத்து மாடு, கழுத்துக்கயிறு அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது, என்னைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்து போனது, பின்னால் அக்கா ஓடவில்லை, ஓட முடியாது, ஊன்றுகோலில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், பிறகு மெதுவாக என் பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார், மாடுதான் நர்சம்மா என்றார், ஆமாம் அக்கா மாடுதான் என்றேன், இருவரும் அப்படியே நடந்தோம், அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை, ஆனால் அது மாடு என்று தெரிவதற்கு முன்னால் கத்தினேனா, தெரிந்த பிறகு கத்தினேனா, ஒவ்வொரு நாளும் அந்த வளைவில் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டுப் பார்க்கிறேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.